பம்பில் சுற்றிய பூநார்

இரண்டு கைகள் பம்பைப் பிரித்துக்கொண்டிருந்தன. வலக்கைக் கட்டைவிரல் மூடியை நெம்ப, இடக்கை அடியில் ஏந்தியிருந்தது, திருகாணி எதுவும் குளத்தில் விழுந்துவிடாதபடி. மூடி கழன்றதும் உள்ளிருந்த சின்ன விசிறியை விரல்கள் வெளியே இழுத்து வெயிலில் திருப்பின. வழவழவென்று பாசி. பாசிக்கு அடியில், விசிறியின் தண்டைச் சுற்றி ஏதோ ஓர் இழை இறுகிக் கிடந்தது.

"பிளக்க புடுங்கிட்டல்ல?" என்று கேட்டாள் இருசம்மாள்.

"எத்தன தடவக்கா கேப்பீங்க? நீங்கதான புடுங்குனீங்க" என்றாள் ஜெயா.

"கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? பம்பு செத்தா புதுசு வாங்கிக்கலாம். நான் செத்தா எந்தக் கடையில லா வாங்குவ?"

ஜெயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை மண் லாரி வருவதாக இருந்தது, கொல்லையில் இருந்த இந்த மீன்குளத்தை மூட.

பிரித்த சாமான்களை இருசம்மாள் கழற்றிய வரிசையிலேயே துணியில் பரப்பினாள். அது தோட்டத்தில் வந்த பழக்கம். அலோர் காஜாவை ஒட்டிய ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில் அவள் பல வருடம் வேலை பார்த்தவள். மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுபவர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை வடிகட்டுவது அவள் பொறுப்பு. முதலில் பெரிய கண் சல்லடை. இலை, பட்டைத் துணுக்கு, உறைந்த கட்டி எல்லாம் அதில் நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழேதான் சன்னக் கண். மேலே உள்ளது ஒழுங்காகத் தடுத்தால் கீழே உள்ளது அடைக்காது. ஸ்டோரின் தண்ணீர் பம்பு ஒருநாள் நின்றபோது, ஆள் வரும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் அவளே பிரித்தாள். திரும்ப மாட்டத் தெரியாமல் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினாள். வரிசை தப்பாமல் அடுக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான். தோட்டம் விற்றுப்போய் டவுனுக்குக் குடிவந்த பிறகு, பம்பு நின்றால் இருசம்மாளைக் கூப்பிடு என்று அக்கம்பக்கத்தில் ஆகிவிட்டது.

ஜெயாவின் புருஷன் காளிதாஸ் குளத்தோரம் நாற்காலியில் இருந்தார். சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையில் சாரம் கட்டிய மனிதர். வாதம் அடித்து வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கை கால் நன்றாக இருந்த காலத்தில் அவரே வெட்டி, சிமெண்டு பூசிய குளம் அது. இப்போது காலை இழுத்து நாலடி நடப்பார், மற்றபடி பகல் முழுக்க மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன வாரம் ஜெயா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்த நேரத்தில் பம்பு நின்றது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட, அவர் பம்பை எடுக்க இறங்கி முகங்குப்புற விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்திராவிட்டால் அவ்வளவுதான்.

"திங்கக்கிழம நான் பேக்டரிக்குப் போயாகணும்கா. லீவு முடிஞ்சி போச்சி. பம்பு நின்னா இவரு மறுபடியும் எறங்குவாரு. மீனா மனுசனான்னு பாத்தா..."

காளிதாஸின் பார்வை தண்ணீரைவிட்டு நகரவில்லை.

இருசம்மாள் ஊசியால் இழையை நெம்பி, அறுந்துவிடாமல் பொறுமையாகப் பிரித்தாள். முழ நீளத்துக்கு வந்தது. வாழைநார். முடிச்சில் அழுகிய மல்லிகைக் காம்பு ஒன்று ஒட்டியிருந்தது.

"சாமிக்குப் போட்ட பூ. யாரு இதுல போடுறது?"

"நான் போடல. படத்துல பழைய பூவ எடுக்குறது இவரு வேல. வேலியோரம் கருவேப்பில மரத்தடியிலதான் போடுறாருன்னு..." ஜெயா நிறுத்தினாள். கொல்லைப்படியில் இருந்து கருவேப்பிலை வரைக்கும் பார்த்தாள். நடுவே ஆழமான சாக்கடை. காளிதாஸின் கால் அதைத் தாண்டாது.

கழற்றிய பூ காலில் மிதிபடக்கூடாது. மரத்தடியில் போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் விட வேண்டும். அவர் நடை எட்டிய தண்ணீர் இந்தக் குளம்தான்.

"ஏங்க, சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாளையிலருந்து வாளியில போட்டுடுங்க."

காளிதாஸ் தலையை அசைத்தார். மாட்டேன் என்றுதான்.

"குப்ப வாளியில சாமி பூவ போடச் சொல்றியே, அவரு எப்படிப் போடுவாரு?" என்றாள் இருசம்மாள். "விடு. ஒரு வடிகூட இருந்தா கொண்டா. காய்கறி அலசுறியே, அது."

பில்டர் பெட்டியைத் திறந்தவள் பஞ்சைப் பார்த்து முகம் சுளித்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஜெயா அதை வாரம் தவறாமல் சவர்க்காரம் போட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசி வந்திருக்கிறாள்.

"இது என்ன, பள்ளிக்கூட சட்டையா? அழுக்கத் திங்கிற கிருமி இதுல இருக்கணும் ஜெயா. எல்லாத்தையும் கொன்னுட்ட. குளத்துத் தண்ணிய ஒரு வாளி மொண்டு அதுலயே பிழி, போதும்."

சவர்க்கார வாடை அடித்த பஞ்சை எறிந்துவிட்டுப் புதிதாக வைத்தாள். பஞ்சுக்கு முன்னே, தண்ணீர் நுழையும் பக்கம், பெரிய குப்பையைத் தடுக்கப் பிரஷ்களை வரிசையாக நிறுத்தினாள். பம்பைப் பரப்பிய வரிசைப்படி திரும்பப் பூட்டி, பெரிய கண் வலைக் கூண்டுக்குள் இறக்கி, தரையில் படியும் சகதியை இழுக்காதபடி செங்கல் மேல் உட்காரவைத்தாள். நாற்காலிக்கு நேரே குளத்து விளிம்பில் கொக்கி ஒன்றை அடித்தாள். வடிகூடைக்குக் கம்பியில் கைப்பிடி வளைத்து, கம்பி முனையை உள்ளே மடக்கி, விரலால் தடவிப் பார்த்து, குத்தியதால் மறுபடியும் மடக்கினாள்.

கூடையைக் கொக்கியில் மாட்டி, பாதி தண்ணீரில் அமிழ்த்தி, சாமி படத்திலிருந்து எடுத்த பழைய சரத்தைப் போட்டுப் பம்பை ஓடவிட்டாள். சாயங்கால நிழல் வேலியைத் தொடும்வரை தண்ணீர் ஒரே சீராக விழுந்தது. மீன்கள் அடியில் இறங்கிவிட்டன. சரம் கூடைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் வேலயிலருந்து வந்ததும் கூடையில உள்ளத மரத்தடியில கொட்டிடணும். விட்டா தண்ணி நாறிடும்."

"கொட்டிடுறேங்கா." ஜெயா, மண் வேண்டாம் என்று லாரிக்காரனுக்கு டெலிபோன் செய்ய உள்ளே போனாள்.

இருசம்மாள் கூடையைக் கழற்றி நீர் வடியவிட்டாள். கைப்பிடியைத் துணியால் துடைத்துக் காளிதாஸிடம் நீட்டினாள்.

"இந்தா தம்பி. நீயே மாட்டு."

அவர் இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.