எட்டுப் பேரும் மேலே வந்தார்கள்

என் மருமகள் தண்ணீர் லாரி ஓட்டுகிறவள். பன்னிரண்டு வருஷ ஓட்டம். எந்தச் சந்திலும் பின்பக்கமாகவே வண்டியை ஏற்றிவிடுவாள். துணி மடிக்கச் சொன்னால்தான் தடுமாறுவாள். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஒரு வளைவில் வண்டியைக் கவிழ்த்துவிட்டாள் என்றார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன்.

அரைத் தொட்டித் தண்ணீரோடு மெதுவாகத்தான் திரும்பினாளாம். பிரேக்கை மிதித்ததும் யாரோ பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது போல வண்டி முன்னால் பாய்ந்து, ஓரத்து மண்ணில் சாய்ந்தது. அவளுக்குக் கால் முறிந்தது. வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. முதலாளி ஆஸ்பத்திரிக்குப் பழத்தோடு வந்தார். "நீ வேகமாத்தான் வந்திருப்பேம்மா, ஒத்துக்கோ" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, லாரிச் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவள் அழவில்லை. ஆனால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நான் வேகமாத்தான் வந்தேனோ அத்தை?"

"வரலை."

"நீங்க வண்டியில இருந்தீங்களா?"

"இல்லை. ஆனா நீ வேகமா வரலை."

கட்டிலோடு கிடப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று என் மகன் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். அதில் எதை வேண்டுமானாலும் கட்டி, நிஜம் போலவே ஓட்டிப் பார்க்கலாம். பொருளுக்கு எடை உண்டு. தண்ணீர் தண்ணீராகவே ஓடும். லாரி கட்டுவாள் என்று நினைத்தோம். அவள் அந்தப் பக்கமே போகவில்லை. நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய ஒரு நீர்மூழ்கிக் கப்பலைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு எஞ்சின் கிடையாது. எட்டுப் பேர் போக வேண்டும். ஒருவன் வழி பார்ப்பான், மற்றவர்கள் குனிந்து உட்கார்ந்து நீளமான கம்பியைக் கையால் சுற்றினால் பின்னால் விசிறி சுழலும். முன்னே ஒரு தொட்டி, பின்னே ஒரு தொட்டி. தண்ணீரை உள்ளே விட்டால் இறங்கும், பம்பு அடித்து வெளியேற்றினால் ஏறும். அசல் கப்பல் மூன்று தடவை ஆட்களோடு மூழ்கியதாம்.

"ஏறி உட்காரத் தோதான கப்பலாத்தான் பார்த்திருக்கே" என்றான் மகன்.

"நீங்க ஏற வேண்டாம். நான் மேல கொண்டு வரேன், பாருங்க."

தகடு தகடாக வைத்துக் கட்டினாள். எனக்கு எழுத்து வராது, திரையில் வருவதைப் படிக்க முடியாது. அதனால் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தொப்பி கோணல். அவன் என் ஆள்.

லாரிக்காரிக்குத் தொட்டி என்றால் வாய்வரை நிரப்பித்தான் பழக்கம். இதையும் அப்படியே நிரப்பினாள். கப்பல் கல் மாதிரி இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு பாதி நிரப்பினாள். இறங்கியது, நாலு சுற்று ஓடியது, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தியது. அவ்வளவுதான். தொட்டிகளுக்கு மேல்மூடி இல்லை, அசலில் அப்படி. பின்தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஆட்களின் மடியில் கொட்டி, மொத்தமும் மூக்குப் பக்கம் ஓடியது. கப்பல் தலைகீழாகக் குத்திக்கொண்டு போனது. என் கோணல் தொப்பிக்காரனும் போனான்.

பதினொரு தடவை மூழ்கியது. ஒன்பது என்பாள் அவள். எண்ணியவள் நான்.

பதினோராவது தடவை மூக்கு தாழ்ந்ததும் அவளுடைய கட்டுப் போட்ட கால் தானாக முன்னால் போய், இல்லாத பிரேக்கை மிதித்தது. வலியில் கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"அத்தை, இந்த இழுப்பு எனக்குத் தெரியும். அன்னைக்கு வண்டி இப்படித்தான் இழுத்துச்சு."

அப்புறம்தான் விளக்கினாள். தண்ணீர் லாரித் தொட்டிக்குள்ளே குறுக்கே ஓட்டை போட்ட தகடுகள் இருக்குமாம். அரை லோடு தண்ணீர் ஒரே பாய்ச்சலாக முன்னால் ஓடாமல் அவை தடுக்கும்.

"தடுப்பு இருக்கிற வண்டி இப்படி இழுக்கவே கூடாது அத்தை."

உடனே கப்பலின் தொட்டிகளுக்கு மூடி போட்டாள், உள்ளே தடுப்பு வைத்தாள்.

"அசல்ல இல்லாததை வைக்கலாமா?" என்றான் மகன்.

"அசல்ல போனவங்க செத்துட்டாங்க. என் எட்டுப் பேரும் மேல வரணும்."

இறக்கினாள். மூக்கு லேசாகத் தாழ்ந்து, நிமிர்ந்தது. ஆட்கள் சுற்றினார்கள். கப்பல் தண்ணீருக்குள்ளே கோடு போட்டது போல நேராகப் போனது. திரும்பியது. பம்பு அடித்தாள். முதுகு மேலே தெரிந்தது, மூடி திறந்தது, எட்டுத் தலைகள். கோணல் தொப்பியும் வந்தது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. தடுப்பை எடுத்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டினாள், மூழ்கியது. திரும்ப வைத்தாள், மிதந்தது.

"வேகம் அதே வேகம்தான். முதலாளிக்குப் போன் போடுங்க" என்றாள் என் மகனிடம்.

லாரி ஷெட்டுக்கு ஊன்றுகோலோடு போனாள். என்னை வர வேண்டாம் என்றார்கள். போனேன். விழுந்த வண்டி மூலையில் அப்படியே நின்றது.

"கம்ப்யூட்டர்ல கப்பல் விட்டுட்டு வந்து எனக்கு லாரி சொல்லித் தரியா?" என்றார் முதலாளி. நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள்.

"மூடியத் திறந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. தடுப்பு இருந்தா நான் இனிமே சாவியே கேக்க மாட்டேன்."

இப்படியா ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் பணயம் வைப்பாள்?

முதலாளியே ஏணியில் ஏறினார். தலையை உள்ளே விட்டார். டார்ச்சை அங்குமிங்கும் அடித்துப் பார்த்தார். பிறகு தொட்டிக்குள்ளிருந்து குரல் முழங்கியது: "கடைசியா வெல்டிங் வச்சவன் எவன்டா?"

ஒழுகலை அடைக்க உள்ளே இறங்கிய பட்டறைக்காரன், நடுத் தகடுகள் இடிக்கின்றன என்று அறுத்துப் போட்டிருக்கிறான். திரும்ப வைக்கவில்லை. மேலே பெயின்ட் மட்டும் அழகாக அடித்துக் கொடுத்திருக்கிறான்.

முதலாளி கன்னத்தில் துருவோடு இறங்கி வந்தார். "உன் மேல தப்பில்லம்மா" என்று முணுமுணுத்தார்.

"அன்னைக்கு எல்லார் காதுலயும் விழுற மாதிரிதானே சொன்னீங்க? இதையும் அப்படியே சொல்லுங்க" என்றேன்.

மருமகள் என் கையைக் கிள்ளினாள். கிள்ளட்டும். அவர் டிரைவர்கள் பக்கம் திரும்பி, உரக்கச் சொன்னார். வேறொரு லாரியின் சாவியை அவள் கையில் வைத்து, "கால் சரியானதும் வா" என்றார்.

சரியானதும் போனாள். இப்போது வண்டியை எடுக்குமுன் ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, டார்ச் அடித்து ஒவ்வொரு தகடாக எண்ணுகிறாள்.

அன்று ஷெட்டிலிருந்து திரும்பும்போது, "நான் வேகமா வரலை அத்தை" என்றாள்.

"அதைத்தான் நான் வண்டியில இல்லாமலே சொன்னேன்" என்றேன்.