ஒட்டி மறைத்த பக்கங்கள்

போன வாரம் ஆவடியில் ஒரு கடையில் குழந்தைகள் படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். நடுவில், முழுப் பக்கத்துக்கு, ஒரு நாய் செத்துக் கிடக்கிறது. பக்கத்தில் ஒரு சிறுமி உட்கார்ந்து அழுகிறாள். அடேயப்பா, இதையெல்லாம் இப்போது அச்சிலேயே போடுகிறார்களா என்று வாயைப் பிளந்தேன். புதுப் புத்தகத்தின் கோந்து வாசனை மூக்கில் ஏறியதும் மைதாப் பசை ஞாபகம் வந்துவிட்டது.

அந்த மைதாப் பசையில் நான் பெரிய கெட்டிக்காரி. பட்டாபிராமில் எங்கள் சர்ச்சில் மே மாதம் சிறுவர் வகுப்பு நடக்கும். படம் வரையச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அப்போது வயது இருபத்திரண்டு, உலகமே தெரிந்த நினைப்பு. யாராவது கொடுத்த பழைய கதைப் புத்தகங்களில் சாவு, ரத்தம், குளிக்கிற பெண் என்று எது வந்தாலும் அந்தப் பக்கத்தின் மேல் கலர் காகிதம் ஒட்டிவிடுவோம். பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோமாம்!

அந்த வருடம் ஸ்டெல்லா வந்தாள். ஏழு வயது, ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பிள்ளை. இரண்டு மாதம் முன்னால்தான் அவள் அப்பா நெஞ்சுவலியில் இறந்திருந்தார். அடக்கத்தன்று அவளைக் கோவில்பதாகையில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, "அப்பா ஜபல்பூருக்கு டெபுடேஷன் போயிருக்காரு" என்று சொல்லிவைத்தார்கள். அந்த குவார்ட்டர்ஸில் அப்பாக்கள் அப்படி மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போவது வழக்கம்தான். வரிசை வீடுகள் இருந்த அந்த லைன் மொத்தமும் அதே பொய்யைச் சொன்னது. நானும் சொன்னேன், கூசாமல்.

ஒருநாள் அவள் ஒரு புத்தகத்தின் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒட்டிய காகிதத்துக்குப் பின்னால் விழுந்து கிடந்த யானை தெரிந்தது.

"இன்னா டீச்சர், யானை செத்துப்போச்சா?"

"தூங்குதும்மா" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்!

க்ரேயானை எடுத்து வரைய உட்கார்ந்தாள். நீளமாக ஒரு பெட்டி. அதற்குள் மீசை வைத்த அவள் அப்பா. சட்டை, பேன்ட், நெஞ்சில் பூ. கால் மட்டும் வெறுங்கால். யாரும் அவளுக்குக் காட்டாததை அவளே வரைந்துவிட்டாள். கூட்டிப்போக வந்த அவள் அம்மா கண்ணில் படுவதற்குள் காகிதத்தை இழுத்தேன். அவள் விடவில்லை.

"யம்மா, பொட்டில அப்பாக்கு ஷூ போட்டீங்களா? கால் சில்லுனு இருக்கும்ல?"

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது என்ன சொல்லிச் சமாளிப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மெதுவாகத் தரையில், மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஷூ போடலடி கண்ணு. டூட்டிக்குப் போட்டுக்கினு போவாரே நீல சாக்ஸு, அத நான்தான் போட்டுவுட்டேன்."

சொல்லிவிட்டு நீல க்ரேயானை எடுத்து, படத்தில் இரண்டு காலுக்கும் சாக்ஸ் வரைந்தார். கோணல்மாணலாக வந்தது. ஸ்டெல்லா அது முடியும்வரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மா மடியில் விழுந்து அழுதாள். இரண்டு மாத அழுகை. நான் மலைத்துப்போய் நின்றேன். அந்த மலைப்பு இன்னும் தீரவில்லை.

ஜூனில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். பிறகு அந்த லைனையே இடித்துவிட்டார்கள். எங்கே போனார்கள் என்று விசாரிக்கக்கூட இப்போது அங்கே தெரிந்த முகம் ஒன்று இல்லை. அந்தப் பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவே இல்லை.