நூற்றிருபது இடது கைகள்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாளே அவளுக்கு ஆரஞ்சுப் பழத்தைக் கண்டால் எரிச்சல் வந்தது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஆரஞ்சுதான் வாங்கி வந்தார்கள். பையை வைத்துவிட்டு முகத்தை ஒரு பார்வை, நெஞ்சை ஒரு பார்வை பார்ப்பார்கள். பிறகு அவளை விட்டுவிட்டு அவளுடைய அக்காவிடம், "தூங்குறாளா? ஏதாவது சாப்பிடுறாளா?" என்று விசாரிப்பார்கள். அவள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"மார்லதான் கட்டி எடுத்தாங்க. காதை எடுக்கல," என்று ஒருநாள் சொல்லிவிட்டாள். வந்தவர் பாதி டீயோடு எழுந்து போய்விட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. தையல் கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, இருபத்திரண்டு வயதில் நூல் பிசிறு நறுக்குகிற வேலைக்கு அங்கே போனவள். அப்போது இருந்த மாஸ்டர் யாருக்கும் தொழிலைச் சொல்லிக் கொடுக்க மாட்டார். அளவு போடும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். அவள் குப்பை கூட்டுகிற சாக்கில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து, விழுகிற துண்டுகளின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்து, மேலே என்ன வெட்டினார் என்று கண்டுபிடிப்பாள். அப்படியே பதினேழு வருஷம். அவர் வேலையை விட்டுப் போன மறுநாள் சாக்பீஸை எடுத்து முதலாளி முன்னாலேயே ஒரு சட்டை முழுவதையும் வரைந்து காட்டினாள். வாயைத் திறந்து கேட்கத்தான் அவளுக்கு வராது. அன்றும் கேட்கவில்லை, வரைந்துவிட்டுத் தள்ளி நின்றாள். அந்த நீள மேசை அவளுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது.

இப்போது அறுவைச் சிகிச்சை முடிந்து, கீமோ மருந்து ஆறு முறை ஏற்ற வேண்டும், மூன்று வாரத்துக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போவதா, மேசையை விடுவதா? விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கும் என்பது, தானே அப்படிக் காத்திருந்தவளுக்குத் தெரியாதா?

டாக்டரம்மாவிடம் அவளே கேட்டாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன வேலை?" என்றார்.

"துணி வெட்டுறது. கரண்டு கத்தி."

"போகக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். சில பேர் போறாங்க, சில பேருக்கு முடியல. முடியாதவங்க சோம்பேறியும் இல்ல, போறவங்க வீரருமில்ல. மருந்து ஏறினதுக்கப்புறம் ஒரு வாரம் கழிச்சு ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கும். அப்போ கூட்டத்துல நிக்காதீங்க. காய்ச்சல் வந்தா ராத்திரி பகல்னு பார்க்காம இங்க வந்துடணும். இடது கையால கனம் தூக்கக் கூடாது. கையில வெட்டு எதுவும் படக் கூடாது."

"கையில படாது. இரும்புக் கையுறை இருக்கு."

"அப்போ உங்க உடம்பைக் கேட்டு நடங்க," என்றார் டாக்டரம்மா.

வீட்டில் உடம்பைக் கேட்பார் யாருமில்லை. அக்கா ஒரு மாதத் துணிமணியோடு வந்து இறங்கியிருந்தாள்.

"ஏண்டி, உனக்கு என்ன தலையெழுத்து? மகாராணி மாதிரி படுத்துக்கோ, நான் ஆக்கிப் போடுறேன்னு சொல்றேன். உனக்குக் கசக்குதா?"

"நீ ஆக்குறது கசக்கத்தான் செய்யுது."

"அது மருந்து!"

"மருந்து இன்னும் ஏறவே இல்லக்கா."

கணவர் வேன் ஓட்டுகிறவர். வாசல்படியில் உட்கார்ந்து, கழற்றிய செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "நோயாளிப் பொண்டாட்டியை வேலைக்கு அனுப்பிட்டு இவன் சுகமா இருக்கான்னு சொல்லுவாங்க."

"சொல்றவங்க யாரும் எனக்குப் பதிலா ஊசி போட்டுக்கப் போறதில்ல. நீங்க என்ன சொல்றீங்க? அதைச் சொல்லுங்க."

அவர் செருப்பை நேராக்கி வைத்தார். "எனக்குப் பயமா இருக்கு," என்றார்.

"எனக்கும்தான். இங்க படுத்துக்கிட்டு பயப்படுறதை அங்க நின்னுக்கிட்டு பயப்படுறேன்."

முதல் மருந்து ஏறிய ஆறாம் நாள் அவள் மேசைக்குப் போய்விட்டாள்.

வெட்டும் அறை தனி. தையல் கூடத்தின் இரைச்சலும் தூசும் அங்கே அவ்வளவாக வராது. அவளும் துணி விரிக்கிற நெட்டையும்தான் அங்கே வேலை. நெட்டைக்கு அப்பெயர் வைத்தது யாரென்று யாருக்கும் நினைவில்லை. கதவுச் சட்டத்தில் குனிந்துதான் நுழைவாள். துணி உருளையைத் தூக்குவது, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடி அறுபது அடுக்கு விரிப்பது எல்லாம் அவள். அளவு போடுவதும் வெட்டுவதும் மாஸ்டர்.

இரண்டாம் முறைக்குள் தலைமுடி முழுக்கப் போய்விட்டது. முக்காட்டை அவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்தாள், வியர்த்தது. நெட்டை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு முதலாளியின் அறைப் பக்கம் பார்த்தாள். முதலாளிக்கு முப்பது வயதிலேயே வழுக்கை.

"அக்கா, பின்னால இருந்து பார்த்து முதலாளின்னு நினைச்சு வணக்கம் போட்டுடப் போறேன்."

"போடு. சம்பளம் மட்டும் கேட்டுடாதே."

இரண்டு பேரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மூன்று வாரத்தில் அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

இரண்டாம் மருந்துக்குப் பிறகும் அதே ஆறாம் நாள் போனாள். அக்கா கதவை மறித்தாள். "முகத்தைக் கண்ணாடியில பார்த்தியா?" என்றாள். பார்த்திருந்தாள். போய்விட்டாள்.

அன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு அணிக்கு அறுபது மேல்கோட்டு. துணிக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பஞ்சு. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிற துணியென்றால் கவலையில்லை. கோட்டின் இடது கைத்துண்டைத் திருப்பிப் போட்டால் வலது கை. இந்தத் துணியைத் திருப்பினால் பஞ்சு வெளியே வந்துவிடும். அதனால் அளவு அட்டையை வைத்து ஒரு கை வரைந்ததும், அட்டையைக் கவிழ்த்துப் போட்டு இன்னொரு கை வரைய வேண்டும். தொழிலுக்கு வந்த முதல் வருஷத்துப் பாடம்.

அவளுக்கு விரல் நுனி மரத்திருந்தது. சாக்பீஸ் இருப்பதே தெரியவில்லை. தலைக்குள் ஈரத் துணியை அடைத்ததுபோல் இருந்தது. ஒரு கை வரைந்தாள். அட்டையை நகர்த்தினாள். இன்னொரு கை வரைந்தாள். கத்தியை ஓட்டினாள்.

துண்டுகளைக் கட்டுக் கட்டும்போது நெட்டை இரண்டு கைகளை எடுத்து வழவழப்புப் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்தாள். சேரவில்லை. இன்னும் இரண்டை எடுத்தாள். பிறகு கட்டை அவிழ்த்து இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்த்தாள். அதிலேயே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது.

அறுபது அடுக்கு. நூற்றிருபது கைகள். அத்தனையும் இடது.

முதலாளி வந்து பார்த்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலை. அவர் குரலைத் தாழ்த்தினார். ஆரஞ்சு கொண்டுவந்தவர்களின் அதே குரல்.

"மாஸ்டரம்மா, உங்க மேல தப்பில்ல. மருந்து அப்படி. வீட்டுக்குப் போய் நல்லா ஓய்வெடுங்க. உடம்பு சரியாகட்டும், மேசை எங்க போயிடப் போகுது? என் தங்கச்சி வீட்டுக்காரர் சும்மாதான் இருக்காரு, அவர் பார்த்துப்பாரு."

"தப்பு என்னுதுதான்," என்றாள் அவள்.

"அதான் சொல்றேனே, மருந்து..."

"மருந்து அட்டையைப் பிடிக்கல. நான் பிடிச்சேன். நாலு வருஷத்துல இது முதல் தப்பு. முன்னால இருந்த மாஸ்டர் முந்நூறு காலரைத் தலைகீழா வெட்டினாரே, அவருக்கு எந்த ஆஸ்பத்திரியில மருந்து ஏத்தினாங்க? அவரை வீட்டுக்கு அனுப்பினீங்களா? டீ வாங்கிக் கொடுத்து, போகட்டும் விடுங்கன்னு சொன்னீங்க. நான் மேசைக்கு அடியில இருந்தேன். எனக்குத் தெரியும்."

அவள் முதலாளியிடம் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை. நெட்டை உருளைக்குப் பின்னால் மறைந்துகொண்டாள்; தலை மட்டும் மறையவில்லை.

முதலாளிக்குக் காது சிவந்தது. "சரிம்மா. வாய் இருக்கு. துணி இருக்கா? இதே உருளையில மீதி எவ்வளவு? வேற உருளையை எடுத்தா நிறம் மாறும். வலது கை ஒரு நிறம், இடது கை ஒரு நிறம்னு பிள்ளைங்களை ஓட விடுவீங்களா?"

அது சரியான கேள்வி. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுங்க," என்றாள். "யாரும் எதையும் தொட வேணாம்."

மறுநாள் காலையில் கணவர் அவளை வேனில் கொண்டுவந்து விட்டார். அவள் இறங்கும்போது, "முடியலைன்னா போன் பண்ணு. ஏன்னு கேட்க மாட்டேன்," என்றார்.

அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நின்று வேலை செய்கிற மேசை அது. உட்கார்ந்த மாஸ்டரை அந்த அறை பார்த்ததில்லை. உபரியாகக் கிடந்த அறுபது இடது கைகளில் ஒன்றை விரித்து வைத்தாள். அதன்மேல் பை அட்டையை வைத்துப் பார்த்தாள். ஒரு கைக்குள் இரண்டு பை அடங்கியது. ஓரத்தில் காலர் அட்டையைச் சாய்த்து வைத்தாள், அதுவும் அடங்கியது. பைக்கும் காலருக்கும் என்று உருளையில் ஒதுக்கியிருந்த துணி அப்படியே மிச்சம். அதில் வலது கைகளை நெருக்கி நெருக்கி வரைந்தாள். எவ்வளவு நெருக்கியும் ஐம்பத்தைந்துதான் வந்தது. மிச்சம் ஐந்து கைக்கு அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டுத் தைக்க வேண்டும். கையைத் தூக்கினால்தான் தெரியும்.

"ஓடுற பிள்ளைங்க கையைத் தூக்குமே அக்கா," என்றாள் நெட்டை.

"ஜெயிச்சா தூக்கும். ஜெயிச்சவனோட ஒட்டை யார் பார்ப்பா?"

வரைந்து முடித்ததும் கத்தியின் சுவிட்சுக்குக் கை போனது. மரத்த விரலைப் பார்த்தாள். இரும்புக் கையுறையை அவளால் அன்றைக்கு ஒழுங்காக மாட்டக்கூட முடியவில்லை. அந்தத் தொழிலில் கத்தி பிடிக்கிறவர்தான் மாஸ்டர். அந்தக் கத்திக்காகத்தான் பதினேழு வருஷம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கையுறையைக் கழற்றி மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.

"போட்டுக்கோ."

"நானா? அக்கா, கோணிடுச்சுன்னா?"

"நாலு வருஷமா என் எதிர்ல நின்னு வாய் பார்த்துக்கிட்டு இருந்தியா, கையைப் பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"ரெண்டும்தான்."

"அப்போ வெட்டு. அதுக்கு முன்னால ஒவ்வொரு கோட்டையும் எனக்குச் சத்தமா படிச்சுச் சொல்லு. நான் வரைஞ்சதை நானே நம்பப் போறதில்ல."

நெட்டை விரலை வைத்து, "இது வலது, இது வலது, இது காலர்," என்று பாடம் ஒப்பிக்கிறவள்போல் படித்தாள். பிறகு கத்தியை ஓட்டினாள். முதல் வளைவில் தயங்கித் தயங்கி நகர்ந்தது. அப்புறம் சாக்பீஸ் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது.

சாயங்காலம் முதலாளி வந்து ஒரு வலது கையையும் ஒரு இடது கையையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தார். நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையுறையோடு நிற்கிற நெட்டையைப் பார்த்தார்.

"கத்தி இவ கையில இருந்தா, நீங்க எதுக்கு?"

"துணி எங்க வெட்டுப்படுதுன்னு நினைக்கிறீங்க? சாக்பீஸ்ல. கத்தி பின்னாடி வருது, அவ்வளவுதான்." நெட்டையைத் திரும்பிப் பார்த்து, "உன்னைச் சொல்லல," என்றாள்.

"சொன்னாலும் பரவால்லக்கா."

அவள் மெதுவாக எழுந்து சுவரில் தொங்கிய தேதி அட்டைக்குப் போனாள். அவள் கற்ற பாடம் இதுதான்: ஆறாம் நாள் வந்தது வீம்பு. மேசையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வீம்பை விட வேண்டும். மருந்து ஏறுகிற பதினொன்றாம் தேதியிலிருந்து பத்து நாளைக் கோடு போட்டு அடித்தாள். அதற்கடுத்த பதினொரு நாளைச் சுற்றி வட்டம் போட்டாள். அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று ஆறாவது மருந்துவரை அப்படியே போட்டுக்கொண்டு போனாள். மூச்சு வாங்கியது. நிறுத்தவில்லை.

"அடிச்ச நாள்ல வர மாட்டேன். வரச் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. முன்னாடியே வரைஞ்சு வச்சுட்டுப் போவேன், இவ வெட்டுவா. வட்டம் போட்ட நாள்ல மேசை என்னுது."

"ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாதா?" என்றார் முதலாளி.

"டாக்டரைக் கேட்டாச்சு. வீட்டுல கேட்டாச்சு. உடம்பையும் இப்பதான் கேட்டேன். நீங்கதான் பாக்கி. சொல்லுங்க."

அவர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். தேதி அட்டைக்குப் பக்கத்தில் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"பதினெட்டாம் தேதி பெரிய ஆர்டர் ஒண்ணு துணி இறங்குது. அது அடிச்ச நாளா இருக்கே."

"இருபத்திரண்டுக்கு இறக்கச் சொல்லுங்க."

முதலாளி அவளைப் பார்த்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எண்ணைத் தேடிக்கொண்டே வெளியே போனார்.