தரைதட்டினால் இறங்காதே

அனுப்பம்பட்டில் மின்சார ரயிலுக்குக் காத்திருந்தபோது ரோஸ்லினின் கணவர் சேவியர் போனில் கூப்பிட்டார். "போயிட்டாப்பா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு." ரயில் வந்தது, போனது. நான் ஏறவில்லை. ரோஸ்லின் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாடுகளில் வெள்ளம் வந்தால் படகு ஓட்டப் போகும் நம் குப்பத்துத் தொண்டர்களைத் தயார்செய்து அனுப்புவது அவள் வேலை. பயிற்சிக்குப் படகு என்னுடையது. இந்த வேலைக்கு அவளை இழுத்துவந்தது நம் குப்பத்து அருளின் சாவு. அப்படியொரு வெள்ளத்துக்கு அவள் நர்ஸாகவும் அருள் படகோட்டியாகவும் ஒன்றாகப் போனார்கள். அங்கே வெள்ளத்தில் மூழ்கிய ஒரு தெருவில் படகு தரைதட்டியது. நம் ஏரியில் தட்டினால் என்ன செய்வோம்? பேச்சைக்கூட நிறுத்தாமல் குதித்துத் தள்ளுவோம், இடுப்பளவுதானே. அருளும் அப்படித்தான் குதித்தான். கலங்கல் தண்ணீருக்குக் கீழே மூடியில்லாத சாக்கடைக் குழி. அவனுக்கு யாரும் அதைச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை.

அதன்பிறகு தடுப்பூசி, காப்பீடு என்று எல்லாவற்றையும் அவளே பார்த்தாள். கடைசிச் சோதனை மட்டும் என் படகில். வேண்டுமென்றே மணல்திட்டில் ஏற்றச் சொல்வாள். "மொதல்ல கழிய வுட்டுப் பாரு. அப்பால கால வையி" என்பாள். மறந்துபோய்க் குதித்தவருக்குப் பயணம் இல்லை. அந்த வெயிலில் உட்கார்ந்து, அவளிடம் பயின்ற நீங்கள் பலரும் அவளைத் திட்டியிருப்பீர்கள். நானும்தான்.

அருளின் தம்பி டேனியல் ஒவ்வொரு முறையும் குதித்தான். அவள் அனுப்ப மறுத்தாள். "எங்கண்ணன் பேரச் சொல்லிப் போறேன். நீ யாரு தடுக்க?" என்று கத்தினான். அவள் கத்தவில்லை. "உங்கம்மாகிட்ட சேதி சொல்ல ஒருவாட்டி அந்தத் தெருவுல நடந்துட்டேன்டா. இன்னொருவாட்டி என்னால ஆவாது" என்றாள். அவ்வளவு களைத்த குரலை நான் கேட்டதில்லை.

ஏரிக்கு நடுவிலிருக்கும் அவள் ஊருக்கு என் படகில்தான் அவளைக் கொண்டுபோனோம். பாதி வழியில் தரைதட்டியது. அவளிடம் பயின்றவர்கள் யாரும் அசையவில்லை. டேனியல் பலகையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இன்னாடா எல்லாரும் குந்திக்கினு கீறீங்க?" என்றார் ரோஸ்லினின் அம்மா. "எறங்கித் தள்ளுங்கடா. எம்பொண்ணு ஊட்டுக்குப் போணும்."

பிறந்ததிலிருந்து தெரிந்த ஏரி. இருந்தாலும் முதலில் கழியை விட்டுப் பார்த்தேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம் ஒன்றுதான். முழங்கால் தண்ணீர். "எறங்கலாம்" என்றேன். அதற்குப் பிறகே டேனியல் காலை வெளியே வைத்தான்.