சம்பந்தி இழுத்த வலை

மே 11, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன், டிக்காஷன் இறக்கினேன், செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன், செருப்பை ஈரத்துணியால் துடைத்து வாசலில் வைத்தேன். ஞாயிறு என்றால் கடற்கரைச் சாலையில் நடப்பது வழக்கம். அன்று நடக்கவில்லை, கனகசெட்டிக்குளத்துக்குப் பேருந்து ஏறினேன். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் அம்மா அந்த ஊர்க்காரர். அவருடைய மகளுக்கு அன்று நிச்சயதார்த்தம்.

நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. தலை நிறையப் பூவும் கையில் காலிக் கூடையுமாகக் கடற்கரையில் நின்றுகொண்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம். பெரிய படகுகள் எதுவும் கடலுக்குப் போகவில்லை. ஒரே ஒரு கரைவலை மட்டும் விடியற்காலையில் போட்டிருந்தார்கள். அதை இப்போது கரையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் குருசுக்குப்பத்து மீனவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும். மார்க்கெட்டில் ஐஸ் மீன் கிடைக்குமே என்றேன்.

“வாயில வச்சதும் கண்டுபுடிச்சிடுவாங்கண்ணே. கடல வாசல்ல வச்சிக்கினு ஐஸ் மீன் போட்டாங்கன்னு என் பொண்ண காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க.”

வலையின் இரண்டு கயிறுகளில் ஒன்றை அவருடைய கணவர் இழுத்துக்கொண்டிருந்தார். இன்னொரு கயிற்றில் ஆள் குறைவு. வலைக்காரர் என்னைக் கூப்பிட்டார்; செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். துடைத்ததற்குப் பயனில்லாமல் போயிற்று. கயிற்றைப் பிடித்து இழுக்கிற ஒவ்வொருவருக்கும் குழம்புக்கு ஒரு பங்கு மீன் உண்டு, அது ஊர் வழக்கம் என்றார். அப்படிப் பார்த்தால் என் பங்கையும் சேர்த்துப் பெண் வீட்டுக்கு இரண்டு பங்குதான். வருகிற கூட்டத்துக்கு அது பற்றாது.

வலை இன்னும் தண்ணீரில் இருக்கும்போதே மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துவிட்டது. பெண்ணின் அம்மா சட்டென்று கூடையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மாப்பிள்ளையின் அப்பா இறங்கி அவரைப் பார்க்கவே இல்லை, கடலைப் பார்த்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, நேராக வந்து எனக்கு முன்னால் கயிற்றைப் பிடித்தார். பின்னாலேயே வேனில் வந்த ஆண்கள் எல்லாரும் வந்தார்கள்.

“சாப்ட வந்தீங்களா, பங்குக்கு வந்தீங்களா?” என்று கேட்டார் வலைக்காரர்.

“ரெண்டுக்குந்தான். அந்தக் கயித்துல எல்லாரும் தூங்குறாங்க பாரு, எழுப்பி வுடு.”

வலை வந்தது. பாதிக்கு மேல் சொறிமீன், கொழகொழவென்று. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பொடிசாகக் காரப்பொடி மீனும் கொஞ்சம் கானாங்கத்தையும் இருந்தன. வலைக்காரர் மணலில் சிறு சிறு குவியல்களாகப் பிரித்துப் போட்டார். மாப்பிள்ளையின் அப்பா தன் குவியலை இரண்டு கையாலும் அள்ளினார். முதுகுக்குப் பின்னால் இருந்த கூடையை அவரே கேட்டு வாங்கி அதில் போட்டார்.

“மீனு நாங்க புடிச்சது. இனிமே குழம்பு நல்லா இல்லன்னா உன்னத்தான் சொல்லுவோம்” என்றார்.

பெண்ணின் அம்மா நான் வந்ததிலிருந்து முதல்முறையாகச் சிரித்தார். மற்றவர்களின் பங்கும் விழுந்து கூடை நிரம்பியது. கடைசியில் என்னுடையதையும் போட்டேன்.

சாப்பிட மூன்று மணி ஆகிவிட்டது. வேட்டி முழுக்க மணலோடு உட்கார்ந்து, மாப்பிள்ளையின் அப்பா மூன்று முறை குழம்பு கேட்டு வாங்கினார். குறை எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது எனக்கும் ஒரு தூக்கு நிறையக் குழம்பு கொடுத்தார்கள். கயிறு உரசிச் சிவந்திருந்த கையை மாற்றி மாற்றி அதைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.

மறுநாள் காலை எழுந்ததும் பால் காய்ச்சவில்லை. முதலில் அந்தக் குழம்பைச் சுட வைத்தேன்.