பதினேழாம் வட்டத்துக் கற்கள்

அவருக்குக் கோபம் வராமல் ஒரு நாள் கழிந்ததாக அவர் மனைவிக்கே நினைவில்லை. தொட்டால் பொரிவதைப் பார்த்து ஊரே வைத்த பெயர் கடுகு. ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்தவர்களைப் புதைத்த கல்வட்டங்கள் பதினெட்டு இருந்தன. அவற்றுக்குக் கடுகுதான் காவல். செத்தவர்கள்மேல் அவருக்கு எந்தப் புகாரும் இல்லை, நடமாடுகிறவர்களைக் கண்டால்தான் ஆகாது.

ஞாயிறு காலைகளில் ஒரு நடைக்குழு வரும். தலைவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். ஓடையைத் தாண்டி மேடேறினால் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் இடுப்புயரம் ஒரு கற்குவியல். அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லை அதன்மேல் வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. வைக்காமல் போகவும் மனம் வராது. ஓடையில் கல் எடுக்க மறந்தவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கல் கிடந்தது பதினேழாம் வட்டத்தில்.

ஒரு ஞாயிறு கடுகு போஸ்ட்மாஸ்டரை மறித்தார்: "சார், கையில என்ன?"

"கல்லுதாம்ப்பா. கீழ கிடந்துச்சு."

"மூவாயிரம் வருஷமா கீழதான் கிடக்கு. உங்க வீட்டு வாசல்லகூடத்தான் செருப்பு கீழ கிடக்கு. எடுத்துட்டு வந்தா சும்மா விடுவீங்களா?"

"இதுக்குப் போயி இப்படிக் குதிக்கிறியே. காலங்காலமா வச்சிட்டு வர்றாங்கப்பா."

காலங்காலம் என்பது எத்தனை காலம் என்று அன்று இருவரும் யோசிக்கவில்லை.

ஐந்து ஆண்டுக்கொருமுறை வட்டங்களை அளக்க வரும் தொல்லியல் துறை அம்மா இந்த முறை பழைய வரைபடத்தை விரித்துவைத்து எண்ணினார். பதினேழில் நாற்பத்து மூன்று கற்கள் குறைந்தன.

"உங்க கண்ணு முன்னாடியேவா போச்சு?"

"எல்லாம் இந்த நடைக்காரங்க வேலைம்மா! தொண்டை கிழியக் கத்திட்டேன். பாதையை அடைச்சு வேலி போடுங்கன்னு பதினோரு வருஷமா எழுதிக் கொடுக்கிறேன்!"

"அப்படின்னா போட்டுட வேண்டியதுதான். குவியலை மட்டும் பிரிச்சுப் பார்த்துடறேன்."

வேலி என்றதும் கடுகு அன்று வீட்டில் ஒரு வேளை அமைதியாகச் சாப்பிட்டார். உடம்புக்கு என்னவோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு நாள் பிரித்தார்கள். மேலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, எண் போட்டு, மரத் தட்டில் அடுக்கினார் அந்த அம்மா. தன் நடைபாதைக்கு நேர்வதைப் பார்க்க போஸ்ட்மாஸ்டரும் குடையை ஊன்றி வந்து நின்றார். அடித்தளத்தில் மூன்று தட்டைக் கற்கள் வெளிப்பட்டன. மூன்றிலும் ஒரு தீற்று நீல பெயிண்ட்.

"இது வட்டத்துக் கல் இல்லையே. யாரோ இங்க முதல்ல வச்சிருக்காங்க. யாரு?"

கடுகுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருடம் முன்பு மழையில் பாதை கரைந்து, ஆட்கள் நேராக வட்டத்துக்குள் நடந்தார்கள். இடப்பக்கம் திரும்பட்டும் என்று, தன் காவல் அறையின் உடைந்த படியிலிருந்து மூன்று கல் கொண்டுவந்து அடுக்கியவர் அவர்தான். கண்ணில் படட்டும் என்று நீலமும் தடவினார். நாலாவது கல்லை எவன் வைத்தானோ! அந்த வாரம் அவர் எட்டாம் வட்டத்தில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

போஸ்ட்மாஸ்டர் நீலத்தைப் பார்த்தார். கடுகின் பழைய செருப்பில் மூன்று வருடமாகக் காய்ந்து கிடந்த நீலத்தைப் பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாக ஆகாயத்தைப் பார்த்தார்.

அந்தப் பெருந்தன்மைதான் கடுகுக்குப் பொறுக்கவில்லை.

"வாயைத் திறங்களேன் சார்! வாரா வாரம் வாய் ஓயாம பேசுவீங்கல்ல? இப்ப என்ன, பெரிய மனுஷனா? நான்தாம்மா வச்சேன்! மூணு கல்லு! வழி காட்டுறேன்னு போயி குழி தோண்டிட்டேன். எழுதிக்கோங்க!"

"எழுதினா உங்க வேலைக்கே..."

"வேலை போனா போகட்டும். எழுதுங்கம்மா! அவங்க வழியை மட்டும் அடைச்சுட்டு நான் மகராசனாத் திரியவா?"

அந்த அம்மா எழுதினார். வேலி என்ற வரியை அடித்தார். வேலை போகவில்லை, கண்டனக் கடிதம் ஒன்று வந்தது, கடுகு அதைத் தானே காவல் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். எந்தக் கல் எங்கே இருந்தது என்று தெரியாததால் நாற்பத்து மூன்றையும் திருப்பி வைக்க முடியவில்லை. தட்டுகளோடு காவல் அறையில் கடுகின் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வழிப் பலகை கேட்டிருக்கிறார்கள், வரும்போது வரும்.

அதுவரை ஞாயிறுதோறும் குவியல் இருந்த இடத்தில் கடுகே நின்றார், இடது கையை நீட்டியபடி.

"இடப்பக்கம்! இடப்பக்கம்! குனியாதீங்க சார், நிமிர்ந்து நடங்க!"

போஸ்ட்மாஸ்டர் அருகே வந்தார். பையைத் துழாவி, நீட்டிய கையில் ஒரு மிட்டாயை வைத்துவிட்டு நடந்தார். பின்னால் வந்த பெண்மணி அதைப் பார்த்தார். தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அதன்மேல் வைத்தார். மூன்றாமவர் எதுவும் இல்லாமல் தவித்து, பேனாவை வைத்தார்.

கடுகு பொரிந்தார்: "யாருய்யா இதை ஆரம்பிச்சு வச்சது?"