எழுபத்து மூன்றாம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் கேள்வி அக்கா என்றால் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளம் போடுகிறவரே ஒரு நிமிடம் யோசிப்பார். பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. சிறு தொழில் செய்கிறவர்களைத் தேடிப் போய், கடந்த மூன்று வருடத்தில் புதிதாக ஏதாவது செய்தீர்களா, அதற்குப் பணம் எங்கே புரட்டினீர்கள், அனுமதிக்கு எத்தனை நாள் அலையவிட்டார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். மொத்தம் அறுபத்து நான்கு கேள்விகள். அவர் கொண்டுவரும் படிவங்களைக் கணினியில் ஏற்றி அட்டவணையாக்குவது என் வேலை. அந்த அட்டவணைகளை வைத்து ஆய்வாளர்கள் அறிக்கை எழுதுவார்கள். நாங்கள் இருவரும் நன்றியுரையில் 'மற்றும் பலர்' என்பதற்குள் இருப்போம்.

கவலைப்படுவதில் அக்காவை மிஞ்ச ஆளே கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். படிவக்கட்டை மூன்று தடவை எண்ணாமல் பையில் வைக்க மாட்டார். பையில் மூன்று பேனா, மூன்றும் கைவிட்டால் இருக்கட்டும் என்று ஒரு பென்சில். அவர் கணவர் பேருந்து ஓட்டுநர், பொறுமையான மனிதர். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னு வை தம்பி, எதையோ மறந்துட்டோம்போலன்னு அதுக்கும் ஒரு கவலை படுவா."

ஆனால் படிவத்தோடு ஒரு பட்டறைக்குள் நுழைந்துவிட்டால் அவர் வேறு ஆள். முதல் கேள்வியை முதலில் கேட்டதே இல்லை. "இந்த மிஷின் என்ன இப்படி இருக்கு?" என்று எதையாவது சுட்டிக்காட்டுவார். அவ்வளவுதான், எதிராளி கதையை ஆரம்பித்துவிடுவார். சங்கடமான கேள்விகள் வரும்போது, "பேரு வராது, முகவரி வராது, அதுக்கு நான் பொறுப்பு" என்பார். படிவத்தின் அடியில் இதையே எட்டு வரியில் அச்சடித்திருக்கிறோம். அதை யாரும் படிப்பதில்லை. அவர் முகத்தைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

அந்த வாக்கைக் காப்பாற்ற எங்களிடம் ஒரு விதி உண்டு. ஐந்துக்குக் குறைந்தால் மூடு. அதாவது, அட்டவணையில் ஒரு வரிசையில் ஐந்து நிறுவனங்களாவது இல்லையென்றால் அந்த வரிசை தனியாக நிற்கக் கூடாது. பக்கத்து வரிசையோடு கலந்துவிட வேண்டும். நாற்பது தையல் கடை இருக்கிற பகுதியில் ஏழு கடைக்கு அனுமதி இல்லை என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒரே ஒரு கடிகாரக் கடை இருக்கிற பகுதியில் அப்படி எழுதினால், அது அந்த மனிதரின் படத்தை அச்சடித்த மாதிரி.

இந்த விதியை நாங்கள் இருவரும் சேர்ந்து கோட்டைவிட்ட கதைதான் இது.

கிழக்குப் பகுதியில் மேம்பாலத்துக்கு அடியில் ஒரு பட்டறை. ஜன்னல் கம்பி அடிக்கிறவர். அவருடைய தங்கைக்கு ஒரு விபத்தில் இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. வீடு மூன்றாவது மாடி, மின்தூக்கி கிடையாது. மாதக்கணக்கில் தங்கையைத் தோளில் சுமந்து இறக்கியவர், ஒரு கட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அதில் பிறந்ததுதான் அந்த நாற்காலி. பின்னால் இரண்டு பக்கமும் மும்மூன்று சின்னச் சக்கரங்கள், ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு படியில் கால் வைக்கும். சின்ன மோட்டார். பிடித்துக்கொள்ள ஒருவர் போதும். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு வந்து கேட்டார்கள்; ஏழு நாற்காலி செய்து விற்றுவிட்டார், இன்னும் நான்கு பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

அனுமதிக்கு அலைந்த கதையை அக்காவிடம் அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். உரிம அலுவலகத்தில் இரண்டாவது மாடி வாகனப் பிரிவு, நான்காவது மாடி மருத்துவக் கருவிப் பிரிவு. படியில் போவது வாகனம் ஆகாது, மேலே போ என்றார்கள். சக்கரமும் மோட்டாரும் இருக்கிறதே, கீழே போ என்றார்கள். கடைசியில் சோதனைச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். சோதனைக்கு ஒரே மாதிரி பத்து நாற்காலி வேண்டும். பத்து நாற்காலி செய்ய வங்கியில் கடன் கேட்டால், சான்றிதழ் எங்கே என்றார்கள். "என் நாற்காலியை விட நான்தாங்க அதிகமா படி ஏறி இறங்கியிருக்கேன்."

நாற்பத்தேழாம் கேள்வி வந்தது. அனுமதி பெறாமல் ஏதேனும் பொருளை விற்கிறீர்களா? அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த தங்கைதான், "சொல்லிடு அண்ணா, அக்கா பொறுப்புன்னு சொல்றாங்கல்ல" என்றாள். அவர் ஆமாம் என்றார். அக்கா எழுதிக்கொண்டார்.

பிறகு தொழிலின் குறியீட்டு எண்ணை எழுத வேண்டும். எங்கள் பட்டியலில் ஐம்பத்தேழு தொழில்களுக்கு எண் உண்டு. அதில் சேராதவை எல்லாம் தொண்ணூற்றொன்பது, 'மற்றவை'. அக்கா வந்து என் மேசையில் படிவத்தைப் போட்டபோது அந்தக் கட்டத்தில் ஐம்பத்தெட்டு என்று இருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில் 'படியேற்றும் நாற்காலி'.

"இந்த எண்ணே கிடையாதேக்கா."

"இனிமே உண்டு. ஊருலயே இல்லாத ஒண்ணைச் செஞ்சிருக்கார். புதுசா என்ன செஞ்சீங்கன்னு தேடித் தேடிப் போய்க் கேட்டுட்டு, அதைப் போய் 'மற்றவை'ன்னு எழுதினா நல்லாவா இருக்கு?"

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கணினியில் ஐம்பத்தெட்டைச் சேர்த்தேன். முதன்மை அட்டவணைகளில் விதிப்படி பக்கத்து வரிசையோடு கலந்தும் விட்டேன். ஆனால் அச்சுக்குப் போகிற அன்று இயக்குநர் வந்து, பகுதிவாரியாக ஒரு பின்னிணைப்பு வேண்டும், உடனே வேண்டும் என்றார். கணினி எத்தனை எண் இருக்கிறதோ அத்தனை வரிசை போட்டது. நான் பார்க்காமல் அனுப்பினேன். அவசரம் என்று சமாதானம் சொல்லலாம். சோம்பல் என்பதுதான் உண்மை.

அறிக்கை அச்சாகி வந்தது. பின்னிணைப்புவரை படிக்கிற ஒரே பிறவி எங்கள் அலுவலகத்தில் அக்காதான். காலை பதினொரு மணி இருக்கும், புத்தகத்தை விரித்தபடியே என் மேசைக்கு வந்தார். விரல் எழுபத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கிழக்குப் பகுதி, படியேற்றும் நாற்காலி, நிறுவனங்கள் ஒன்று, அனுமதியின்றி விற்பவை நூறு விழுக்காடு.

"தம்பி, இது அவர்தானே?"

வேறு யாராக இருக்க முடியும்?

இயக்குநரிடம் ஓடினோம். அச்சடித்தது முந்நூறு பிரதி. அறுபது முந்தைய நாளே போய்விட்டது. முதல் பொட்டலம் உரிம அலுவலகத்துக்கு. சணல் முடிச்சு போட்டுக் கட்டியதே நான்தான். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னிணைப்பை யாரும்மா படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சேனே சார்."

"திருப்பி அனுப்புங்கன்னு கேட்டா, அப்பத்தான் என்னமோ இருக்குன்னு எல்லாரும் தொறந்து பாப்பாங்க. சும்மா இருக்கறதுதான் நல்லது."

அதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். மிச்சமிருந்த இருநூற்று நாற்பது பிரதிகளில் அந்தத் தாளை அறுத்தெடுக்க மட்டும் அனுமதி கிடைத்தது. அன்று மதியம் முழுவதும் ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்தோம். அறுத்த தாள்களை அக்கா மூன்று முறை எண்ணினார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள். தினமும் வேலை முடிந்ததும் பேருந்தை விட்டு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, மேம்பாலத்து எதிர்ச்சாரியில் நடந்து போய்ப் பட்டறை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் என்னிடம் செய்தி வாசிப்பார். "நேத்து ஒரு வெள்ளை ஜீப் நின்னுச்சு தம்பி. நம்பரைக் குறிச்சிட்டு வந்திருக்கேன்." அது பால் கம்பெனி ஜீப் என்று நான் விசாரித்துச் சொன்னால், அடுத்த நாள் ஒரு பச்சை ஜீப். சாப்பாட்டு டப்பா மூடியபடியே வீட்டுக்குத் திரும்பிப் போனது. அவர் கணவர் ஒருநாள் அலுவலக வாசலில் எனக்காகக் காத்திருந்தார். "என்ன நடக்குது தம்பி? மூணு தடவை பூட்டைப் பாக்கறவ, இன்னைக்குப் பூட்டாமலேயே கிளம்பிப் போயிட்டா" என்றார். அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் அக்கா முடிவெடுத்துவிட்டார். பட்டறைக்காரரிடம் போய்ச் சொல்லிவிடுவது.

"வேண்டாம்க்கா," என்றேன். "இப்ப நாம ரெண்டு பேரு பயந்துட்டு இருக்கோம். அது போதாதா? அவரு நிம்மதியா இருக்கட்டுமே."

"அது என்னோட பயம் இல்ல தம்பி. அவருக்கு வந்து சேர வேண்டியது. கொடுக்காம நான் வெச்சுக்கிட்டிருக்கேன். நாளைக்கு ஆளு வந்து நின்னா, முன்னாடியே தெரிஞ்சும் சொல்லலியேன்னு கேப்பாரு. என்ன பதில் சொல்றது?"

நானும் கூடப் போனேன். பட்டறையில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அக்கா பக்கத்தை விரித்துக் காட்டினார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

"இதுல என் பேரு இல்லையே?"

"இல்லைங்க. ஆனா இந்தப் பகுதியில நாற்காலி செய்யறது நீங்க ஒருத்தர்தான். நான்தான் தனி நம்பர் போட்டேன். என் தப்பு."

என் தப்பும் அதில் பாதி. நான் தரையில் கிடந்த இரும்புத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேனே ஒழிய, வாயைத் திறக்கவில்லை.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "சீல் வெச்சா ஜன்னல் வேலையும் சேந்து போயிடும்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். தங்கை அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்கதானேக்கா பொறுப்புன்னு சொன்னீங்க?"

திரும்பி வரும்போது அக்கா பேருந்தில் அழுதார். பயணச்சீட்டு கேட்க வந்த நடத்துநர் கேட்காமலேயே நகர்ந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே பட்டறைக்காரர் நான்கு பேருக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சக்கரம் வளைக்கும் அச்சை உடைத்து இரும்புக் கடையில் போட்டார். படியில் யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று தங்கையின் நாற்காலியையும் பிரித்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம்.

உரிம அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. அந்த மாதமும் வரவில்லை, அந்த வருடமும் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அடுத்த சுற்று ஆய்வு. அதற்கான கடிதத்தைக் கொடுக்க நான் உரிம அலுவலகத்துக்குப் போனேன். பிரிவு அதிகாரியின் அறையில் ஒரு முக்காலி மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. விசிறிக்கு அடியில் பழுப்புத்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். சணல் முடிச்சைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நான் போட்ட முடிச்சு, அவிழ்க்கவே இல்லை.

நான் பார்ப்பதைப் பார்த்து எழுத்தர் சொன்னார்: "அதுவா? ஏதோ அறிக்கை. நல்ல கனம். அதை வெச்சதுக்கப்புறம் ஃபேன் ஆடறதே இல்ல."

கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பன்னிரண்டாம் நாள் அக்கா அங்கே போகாமல் இருந்திருந்தால் அந்தப் பட்டறையில் இன்றும் நாற்காலி செய்துகொண்டிருப்பார்கள். இதை அக்காவிடம் எந்த வாயால் சொல்வது? சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அந்தச் சுற்றில் மேம்பாலத்துப் பட்டறைக்கு வேறு யாரையும் அனுப்ப விடாமல் அக்காவே போனார். அங்கே நடந்ததை மாலையில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னார். மிஷினைக் காட்டிக் கதை கேட்கவில்லையாம். நேராக முதல் கேள்வி. புதிதாக ஏதாவது செய்தீர்களா? இல்லை. வங்கிக் கடன் கேட்டீர்களா? தேவைப்படவில்லை. அனுமதி பெறாமல் ஏதேனும் விற்கிறீர்களா? இல்லை. அறுபத்து நான்கும் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

படிவத்தை மூடிவிட்டு, "தங்கச்சி எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"மேலதான் இருக்கா."

"கீழ வந்து எவ்வளவு நாளாச்சு?"

அவர் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டே கேட்டாராம்: "அந்தக் கேள்வி உங்க ஃபாரத்துல இருக்கா?"

அக்கா படிவத்தை என் பக்கம் தள்ளினார். எண் கட்டத்தில் பன்னிரண்டு என்று இருந்தது, ஜன்னல் கம்பி வேலை.

"கிழக்குப் பகுதியில பன்னண்டுல மொத்தம் எத்தனை பேரு தம்பி?"

கணினியில் பார்த்தேன். "நாப்பத்தொண்ணுக்கா."

"நாப்பத்தொண்ணு." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப இனிமே அவரை யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுல்ல?"

"முடியாதுக்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

இன்னொரு தடவை பார்த்து, முடியாது என்று சொன்னேன்.